சாவி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்

கே: லாட்ஜில் ரூம் போடும்போது எனக்குச் சுகர் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா? அது அவர்களுக்கு எதற்கு?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆத்தூர்

ப: கட்டாயம் சொல்லுங்கள். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, நாக்கு குழறி நீங்கள் போனை எடுத்தால் மறுமுனையில் இருக்கப்போவது உங்கள் மகன் இல்லை, ரிசப்ஷனில் கண்ணயர்ந்திருக்கும் ஒரு பையன். "ஆளு தண்ணி போட்டிருக்கார் போல" என்று அவன் போனை வைத்துவிட்டால்? சர்க்கரை தாழ்ந்தவரின் பேச்சும் நடையும் பார்ப்பவர் கண்ணுக்குக் குடித்தவர் மாதிரியே இருக்கும். விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பையன் குளுக்கோஸைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவான்.

வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சேலம் ஐந்து ரோட்டில் 40 பேர் தங்கியிருக்கும் லாட்ஜ் என்றால் அதில் ஐந்தாறு பேர் உங்களைப் போன்றவர்கள். எல்லோரும் மறைப்பதால்தான் ஹோட்டல்காரர்கள் எந்த ஏற்பாடும் இல்லாமல் இருக்கிறார்கள்.

நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. "இன்சுலின் போடுகிறேன். ஃப்ரிட்ஜில் இடம் வேண்டும். காலை ஏழரைக்குள் டிபன் வேண்டும்." அவ்வளவுதான். முன்பதிவு செய்யும்போது போனில் ஒரு தடவை, சாவி வாங்கும்போது நேரில் ஒரு தடவை. போன் எடுத்தவரும் சாவி கொடுப்பவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

கே: ரூமில் குட்டி ஃப்ரிட்ஜ் இருந்தால் இன்சுலினை அதில் வைத்துவிட்டு நிம்மதியாக ஊர் சுற்றலாம் அல்லவா?
– ஜவுளி வியாபாரி, இளம்பிள்ளை

ப: நிம்மதிக்கு முன்னால் இரண்டு சோதனை பாக்கி இருக்கிறது. கதவை ஒட்டிச் சாவி அட்டை செருகும் ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, முதல் சோதனை அதில்தான். வெளியே போகும்போது அட்டையை உருவினால் விளக்கு, மின்விசிறி, ஏ.சி.யோடு சில ஹோட்டல்களில் ஃப்ரிட்ஜும் அணைந்துவிடும். காலையில் திருச்செங்கோடு போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறீர்கள். அதுவரை மூடிய அறையின் புழுக்கத்தில் அந்த ஃப்ரிட்ஜ் வெறும் பெட்டி. ரூமுக்குள் போனதும் அட்டையை உருவிவிட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே விளக்கு எரியவில்லை என்றால் இன்னொரு அட்டை கேட்டு வாங்கிச் செருகிவிட்டுப் போங்கள். விஷயத்தைச் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, ஐஸ் பெட்டி. குட்டி ஃப்ரிட்ஜில் மேல்தட்டு முழுக்க அதுவாகத்தான் இருக்கும். அதை ஒட்டி வைத்தால் இன்சுலின் உறையும். உறைந்தது மறுபடி உருகி, பார்வைக்குப் பழையபடி தெளிவாக இருந்தாலும் அதைப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். கீழ்த்தட்டில் அல்லது கதவுப் பக்கத்தில் வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்பது இன்னும் திறக்காத மருந்துக்கு. பயன்படுத்தத் தொடங்கிய பேனா, பாட்டில் எல்லாம் 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். இரண்டு நாள் பயணத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் பேனாவும் அவசரத்துக்கு இன்னொன்றும் போதும். ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு, அதில் ஐஸ் உருகிவிட்டதே என்று வழியெல்லாம் தவிப்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

கே: ஏ.சி.யும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை, சாதாரண லாட்ஜ்தான் என் வசதிக்கு. சித்திரை வெயிலில் சேலத்தில் என்ன செய்வேன்?
– தறித் தொழிலாளி, ஜலகண்டாபுரம்

ப: மண்பானை. செவ்வாய்பேட்டைப் பக்கம் போனால் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பானைக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். பானையின் மேனியில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களின் பிசுபிசுப்பில் அவ்வளவு எடுபடாது. சேலம், நாமக்கல் வெயில் வறண்ட வெயில் என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் நமக்கு அனுகூலம்.

ஃப்ரிட்ஜ் அளவுக்குப் பானை குளிராதே என்று இதை ஒதுக்க வேண்டாம். கென்யாவின் தடாப் அகதிகள் முகாமில் வீடுகளில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அங்கே வீடுகளுக்குள் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அளந்தது. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதேபோல 25 முதல் 37 டிகிரிவரை ஏற்றி இறக்கி நான்கு வாரம் வைத்துப் பார்த்ததில், இன்சுலின் தன் வீரியத்தை இழக்கவில்லை. 2021-ல் வந்த முடிவு இது. கொஞ்சம் சூடு பட்டதுமே மருந்து வீணாகிவிட்டது என்று பயந்து ஊசியை நிறுத்திவிடுபவர்களுக்காகச் சொல்கிறேன். அதற்காக வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். அந்தச் சூடு 37-ஐ எப்போதோ தாண்டிவிடும். குளுக்கோமீட்டர் பட்டைகளும் சூட்டில் கெடும். டப்பாவை இறுக மூடி வையுங்கள், இல்லாவிட்டால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கே: போட்ட ஊசியை ரூம் குப்பைத்தொட்டியில் போடலாமா?
– கல்லூரி மாணவி, ராசிபுரம்

ப: கூடவே கூடாது. நீங்கள் ரூமைக் காலி செய்த பிறகு நடப்பதை ஒரு தடவை நின்று பாருங்கள். துப்புரவு செய்ய வரும் அம்மா தொட்டியிலிருக்கும் பையை எடுத்து, அடுத்த ரூம் குப்பைக்கும் இடம் வேண்டுமே என்று வெறுங்கையால் அமுக்குவார். பிறகு படுக்கை விரிப்பை அப்படியே வாரிச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு போவார். பேனா ஊசியின் முனை மிக மெல்லியது. விரலில் ஏறினால் அது யாருடைய ஊசி, அந்த ஆளுக்கு என்ன நோய் என்று எதுவும் இந்த அம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி என்று அலைய வேண்டும். அன்றைய கூலியும் போகும்.

கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு, ஒன்று பையில் இருக்கட்டும். ஊசி, ரத்தம் எடுக்கும் முள் எல்லாம் அதற்குள். நிரம்பியதும் இறுக மூடி வீட்டுக்குக் கொண்டுபோய், நீங்கள் மருந்து வாங்கும் ஆஸ்பத்திரியில் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். 2016-ம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டில் பயன்படுத்திய ஊசிகளை அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்தன. லாட்ஜ் அறைக்கும் அதே நியாயம்தான்.

கே: சர்க்கரை போடாத டீ என்று சொன்னால் "நாட்டுச் சர்க்கரை போட்டுத் தரட்டுங்களா?" என்கிறார்கள். குடிக்கலாமா?
– விவசாயி, பரமத்தி வேலூர்

ப: அன்பாகக் கேட்கிறார்கள், அன்பாகவே மறுத்துவிடுங்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான்.

கே: ஹோட்டல் காலை டிபனில் இட்லி, பொங்கல், பூரி, கேசரி, பிரெட், ஜாம். எதைத் தொடுவது?
– பள்ளி ஆசிரியர், மேட்டூர்

ப: முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தக் கேள்வி வரலாமா? முட்டையைத் தொடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், மாவுச்சத்து 1 கிராம்கூட இல்லை. இரண்டு வேகவைத்த முட்டை, இரண்டு இட்லி, சாம்பாரில் கிடக்கும் காய் முழுக்க, அதற்கு மேல் ஒரு தோசை வேண்டுமென்றால் பாதி. முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டல் கேளுங்கள். முந்தின ராத்திரியே சொன்னால் எந்தச் சமையல்காரரும் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுவார். காலையில் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவைப் போட வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி இருக்கிறது. உடல் எடையைப் பார்ப்பவர்களுக்கு அது உதவும். இன்சுலின் அளவை முடிவு செய்கிறவருக்குத் தெரிய வேண்டியது மாவுச்சத்து எத்தனை கிராம் என்பது. அதையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கே: விரதம், உடம்பு சரியில்லை என்றால் லேசாக இருக்கட்டும் என்று ஜவ்வரிசிக் கஞ்சி தருகிறார்கள். லேசானதுதானே?
– இல்லத்தரசி, தாரமங்கலம்

ப: வயிற்றுக்கு லேசு, சர்க்கரைக்குப் பளு. சேலத்து ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவள்ளிக்கிழங்கு விவசாயிகளுக்குச் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் துணையாக நிற்கிறது. எல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. குழைந்த கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். பாசிப்பருப்புக் கஞ்சி கேளுங்கள்.

கே: சொந்தக்காரர் கல்யாணம். முந்தின நாளே மண்டபத்து ரூமில் தங்குகிறோம். மாமியாருக்கு வேளாவேளைக்கு இன்சுலின். பந்தி எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன தடவை ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்து மயங்கிவிட்டார். என்ன செய்வது?
– மருமகள், சங்ககிரி

ப: சாப்பாட்டு வேளை இன்சுலினுக்கு ஒரே கணக்கு: இலையில் சோறு விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி. "இதோ அடுத்த பந்தி உங்களுக்குத்தானுங்க அம்மா" என்று எத்தனை பெரிய மனிதர் சொன்னாலும் நம்பி ஊசியை எடுக்கக் கூடாது. அடுத்த பந்திக்கு மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஒரு பஸ் வந்து இறங்குவார்கள். லாட்ஜில் ரூமுக்கே சாப்பாடு வரவழைக்கிறவர்களுக்கும் இதுவே. தட்டு மேஜைக்கு வரட்டும். சில வகை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியிருக்கும். வெளியூர் போகும் நாட்களில் அதற்கு என்ன மாற்று என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையல் மாஸ்டரிடம் நேராகப் போங்கள். மண்டபத்தில் அன்றைக்கு அதிகாரம் உள்ளவர் அவர்தான். "அம்மாவுக்குச் சுகர் ஊசி, எட்டு மணிக்கு நாலு இட்லி மட்டும் தனியா எடுத்து வெச்சுடுங்க மாஸ்டர்" என்றால் முதல் ஈட்டிலேயே எடுத்து வைத்துவிடுவார். ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவருக்கு நாலு இட்லி பாரமில்லை. முகூர்த்தம் விடியற்காலை என்றால், ராத்திரி படுக்கும் முன் அறையில் ஒரு பால் பாக்கெட்டும் கொஞ்சம் பொரிகடலையும் இருக்க வேண்டும்.

கல்யாணம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு முதல் பந்தியில் ஒரு வரிசையை ஒதுக்குங்கள். வாழை மரம் கட்டுவதற்கும் மேடை அலங்காரத்துக்கும் எத்தனை பேச்சு பேசுகிறோம், இதற்கு ஒரு வார்த்தை போதும்.

கே: லோ சுகர் வந்தால் பையிலிருக்கும் மிட்டாய் போதும்தானே?
– ஆட்டோ ஓட்டுநர், சூரமங்கலம்

ப: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும்: 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது 150 மில்லி பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வேண்டும். "டயட்" என்று போட்ட பானத்தில் சர்க்கரையே இருக்காது என்பதால் அந்த நேரத்துக்கு அது உதவாது.

உங்கள் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் நிறையப் பேருக்கு எழுதித் தருகிறார்கள். சர்க்கரை, மிட்டாய் ஆகியவற்றை உடைத்து ரத்தத்தில் கலக்கும் வேலையைத்தான் இந்த மாத்திரைகள் தாமதப்படுத்துகின்றன. ஆகவே அவசரத்தில் மிட்டாய் தின்றாலும் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். இவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்; அது உடைபடத் தேவையில்லாமல் நேரே சேரும். பெட்டிக்கடையிலும் கிடைக்கிற பாக்கெட். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

கே: நான் 20 ரூம் லாட்ஜ் நடத்துகிறேன். நோயாளிகளுக்கு வசதி செய்ய ஆசைதான், ஆனால் பெரிய ஹோட்டல் மாதிரி முதல் போட முடியாது.
– லாட்ஜ் உரிமையாளர், நாமக்கல்

ப: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மனது நிறைந்துவிட்டது. ஆசை இருக்கிறது அல்லவா, முதல் பிறகு வரட்டும்.

ரிசப்ஷன் மேஜையில் இரண்டு பாக்கெட் குளுக்கோஸ். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் மூடி போட்ட ஒரு டப்பா. மேலே ரூம் எண் எழுதி ஒட்டுவதற்குக் காகிதம். கேட்பவருக்குக் கொடுக்க நாலைந்து கெட்டி பாட்டில், பயன்படுத்திய ஊசிகளைப் போட்டு மூட. ராத்திரி திறந்திருக்கும் மருந்துக்கடையின் போன் எண்ணும், பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வழியும் எழுதி ரிசப்ஷன் சுவரில் ஒட்டுங்கள். நாமக்கல்லில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலத்துக்கு ஓட வேண்டிய நிலை எல்லாவற்றுக்கும் இல்லை. ஆனால் ராத்திரி ஷிப்ட் பையனுக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு மேல் கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால், தரைத்தள ரூம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலைநாட்டுக் கழிப்பறை, அதன் பக்கவாட்டில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி, வழுக்காத தரை, குளியலறை வாசலில் படி இல்லாமல் ஒரு சரிவு, கட்டில் தலைமாட்டில் ஒரு பிளக். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காக ராத்திரி முழுக்க இயந்திரம் மாட்டிக்கொள்பவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கு அந்த பிளக் கட்டிலருகே இருக்க வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் அந்த லைனுக்கும் வர வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

மிச்சமெல்லாம் பையன்களுக்குப் பழக்கிவிடுவது. "சுகர் இருக்குங்களா, ஃப்ரிட்ஜ்ல ஏதாவது வெக்கணுங்களா?" என்று சாவி கொடுக்கும்போது அவர்களே கேட்டால், சொல்லக் கூச்சப்படுகிற பாதிப் பேரும் சொல்லிவிடுவார்கள்.

கே: வேலை விஷயமாகத் தனியாகத் தங்குகிறேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் பயமாக இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் தாழ்ப்பாள் போடக் கூடாது என்கிறாள் தோழி. எது சரி?
– மருந்து நிறுவனப் பிரதிநிதி, சேலம்

ப: இரண்டு பயமுமே நியாயமானவை. மாற்றுச் சாவியால் பூட்டைத் திறக்கலாம், உள்தாழ்ப்பாளைத் திறக்க முடியாது, கதவை உடைக்க வேண்டும். ஒரு பெண் தனியாக இருக்கும் அறையில் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கும் முன் சர்க்கரை பாருங்கள். குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் குளுக்கோஸ். காலை ஆறு மணிக்கு அம்மாவோ தோழியோ போன் செய்யட்டும். நீங்கள் எடுக்கவில்லை என்றால் அடுத்த போன் ரிசப்ஷனுக்கு, அங்கிருந்து கதவுக்கு. ரிசப்ஷன் எண்ணை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

கே: பத்து வயது மகனுக்கு டைப் 1. நாமக்கல் பக்கம் நல்ல ஸ்கூல் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னதும் "நாங்கள் பொறுப்பு எடுக்க முடியாது" என்றார்கள். மறைத்துச் சேர்த்திருக்கலாமோ?
– தாய், தர்மபுரி

ப: மறைக்காதீர்கள் அம்மா. மறைத்துச் சேர்த்த பிள்ளை தன் ஊசியைக் கழிப்பறையில் ஒளிந்து போட்டுக்கொள்வான். ராத்திரி சர்க்கரை இறங்கினால் பக்கத்துக் கட்டில் பையனிடம்கூடச் சொல்லமாட்டான். நீங்கள் உண்மையைச் சொன்னது சரி, தவறியது அவர்கள்.

நாமக்கல் மாவட்டத்து உறைவிடப் பள்ளிகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை மதிப்பெண்ணுக்காக நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டு நடத்துகின்றன. அந்த அட்டவணையில் ஒரு குழந்தை சர்க்கரை பார்க்க ஐந்து நிமிடம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சி.பி.எஸ்.இ. 2017-லேயே டைப் 1 பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. தேர்வு அறையிலேயே முடியும்போது ஹாஸ்டலில் ஏன் முடியாது?

வேறு பள்ளி பாருங்கள். பார்க்கும்போது கட்டடத்தைக் காட்டுவார்கள், ரிசல்ட் பலகையைக் காட்டுவார்கள். நீங்கள் வார்டன் அறை ஃப்ரிட்ஜைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி அந்த அறை பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். விளையாட்டுப் பீரியடுக்கு முன்னால் ஏதாவது தின்ன விடுவார்களா, வகுப்பு நடக்கும்போதே மிட்டாய் வாயில் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். டாக்டரிடம் தமிழில் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வார்டன், சமையலறை, பி.டி. மாஸ்டர் என்று ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். நடுக்கம், வியர்வை, காரணமில்லாத கோபம், திடீர்த் தூக்கம் என்றால் உடனே குளுக்கோஸ், அந்த நேரத்தில் பையனைத் தனியாக மருத்துவ அறைக்கு நடக்கவிடக் கூடாது, காய்ச்சல், வாந்தி என்று சாப்பிடாவிட்டாலும் தாங்களாக இன்சுலினை நிறுத்தக் கூடாது, உடனே வீட்டுக்குப் போன் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். பக்கத்துக் கட்டில் பையனுக்கும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள்.

கே: அப்பாவுக்கு வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ். அவரைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போக ஆசை. ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். லாட்ஜில் முடியுமா?
– மகன், எடப்பாடி

ப: முடியும். ரூமைப் போட்டோவில் பார்க்காமல் நேரில் பார்த்துப் போடுங்கள். திரவப் பையைத் தோளுக்கு மேலே தொங்கவிட ஒரு உறுதியான கொக்கி அல்லது ஆணி வேண்டும். ரூமில் ஜன்னல் திரைக் கம்பியை நம்பாதீர்கள், 2 லிட்டர் எடை. கை கழுவ சோப்போடு குழாய், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய மேஜை. மாற்றும் அந்த அரை மணி நேரமும் கதவு, ஜன்னல் மூடி, மின்விசிறி, ஏ.சி. நிறுத்தி, முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். தூசியோடு ஒரு கிருமி குழாய்க்குள் போனால் வயிற்றுக்குள் சீழ் வைத்துவிடும். "தொந்தரவு செய்ய வேண்டாம்" அட்டையைக் கதவில் மாட்டிவிடுங்கள். வடிந்த திரவத்தைக் கழிப்பறையில் ஊற்றலாம். காலிப் பையைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் எட்டு லிட்டர். எனவே லிப்ட் உள்ள இடம் அல்லது தரைத்தளம்.

ரத்த டயாலிசிஸ் செய்கிறவர்கள் என்றால் போகிற ஊர் மையத்தில் இரண்டு மூன்று வாரம் முன்பே இடம் கேட்க வேண்டும். கடைசி டயாலிசிஸ் குறிப்பு, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள் இல்லாமல் சேர்க்கமாட்டார்கள். அழைத்துப் போங்கள். அப்பா ரொம்ப நாளாகக் கேட்டிருப்பார்.

கே: அமெரிக்காவிலிருந்து அண்ணன் வருகிறார், சேலத்தில் ஹோட்டலில் தங்குவார். இன்சுலின் தீர்ந்தால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?
– தம்பி, அம்மாபேட்டை

ப: வாங்கலாம், ஆனால் இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. நம் கடையில் கிடைக்கும் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அங்கே 100 யூனிட். அவர் கொண்டுவந்த ஊசி 100-க்கு அளவு போட்டது. அதில் நம் பாட்டிலிலிருந்து 10 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் புரியாது. 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. பாட்டிலும் ஊசியும் ஜோடியாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். பேனா வகை இரண்டு நாட்டிலும் பெரும்பாலும் 100-தான், அதில் இந்தக் குழப்பம் குறைவு. விமானத்தில் எல்லா மருந்தும் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. கீழே சரக்கறையில் உறைந்துவிடலாம்.

கே: சுகர்காரருக்கு ஃப்ரிட்ஜ் கொடுக்கமாட்டேன் என்று ஹோட்டல் சொன்னால் சட்டத்தில் இடம் உண்டா?
– வழக்கறிஞர் குமாஸ்தா, ஓமலூர்

ப: அமெரிக்காவில் உண்டு, அங்கே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பாதுகாப்புக்குள் சர்க்கரை நோயும் வரும், ஹோட்டலும் வரும். இங்கே 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது; சர்க்கரை நோய் அதில் இல்லை. நோயால் காலையோ பார்வையையோ இழந்தவர் அதற்குள் வருவார். அந்த நிலை வரும் முன்பே கவனிக்க ஒரு விதி வேண்டும் என்பது என் கட்சி.

கே: கொல்லிமலைக்குப் போகிறோம். சுகர்காரர்கள் கவனிக்க வேண்டியது?
– மகளிர் குழு, சேந்தமங்கலம்

ப: 70 கொண்டை ஊசி வளைவுகள். காலை இன்சுலின் போட்டு, டிபன் சாப்பிட்டு, முப்பதாவது வளைவில் வாந்தி எடுத்தால் மருந்து உள்ளே, சாப்பாடு வெளியே. வாந்தி வரும் உடம்பு என்றால் அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குளுக்கோஸ் கையில் இருக்கட்டும். மேலே சாமைச் சோறு கிடைத்தால் சாப்பிடுங்கள், அளவோடு.

கே: கோயில் கோயிலாகப் போகிறோம். கால் மரத்துப் போய்விட்டது. வேறென்ன ஜாக்கிரதை?
– பக்தர், மல்லூர்

ப: நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில் கூரையில்லாமல் நிற்கிறார். கல்தரை உச்சிவெயிலில் கொதிக்கும். மரத்த காலுக்கு அது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையிலேயே போங்கள், கனத்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். திருச்செங்கோட்டில் படியை விட்டு மலைப்பாதையில் வண்டியில் போங்கள், அர்த்தநாரீசுவரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லாட்ஜில் இதைவிடப் பெரிய ஆபத்து கீசர். பழக்கமில்லாத குழாய், எந்தப் பக்கம் திருப்பினால் சூடு என்று தெரியாது. காலைக் காட்டாதீர்கள், முழங்கையால் தொட்டுப் பாருங்கள். ரூமுக்குள்ளும் செருப்போடு நடங்கள். படுக்கும் முன் போன் கேமராவால் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கும் முடியும்.

கே: எங்களுக்கு ஏதுங்க ஹோட்டல்? லாரி கேபின்தான் ரூம். போன வருஷம் இன்சுலினுக்கு மாற்றிவிட்டார்கள். நாமக்கல்லிலிருந்து வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். ஓட்டலாமா, விட்டுவிடலாமா?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

ப: அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அவரிடம் "லாரி ஓட்டுகிறேன், ராத்திரியும் ஓட்டுகிறேன்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை வேளை என்பதே அதைப் பொறுத்து மாறும். அவர் ஓட்டலாம் என்றால் மேலே படியுங்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். உங்கள் வண்டி அதற்கு முந்தியது என்றால் இன்ஜின் சூடு முழுக்க உங்கள் காலடியில்தான். இன்சுலின் டேஷ்போர்டிலும் வேண்டாம், இன்ஜின் மூடி மேலும் வேண்டாம், சீட்டுக்கு அடியிலும் வேண்டாம். அகல வாய் பிளாஸ்க்கில், துணியில் சுற்றி வையுங்கள். ஐஸ் போட்டால் மருந்தில் நேரே படக்கூடாது. செருப்பில்லாமல் ஓட்டாதீர்கள், மரத்த கால் சுட்டாலும் பெடல் நழுவினாலும் தெரியாது.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து தரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் உங்கள் பெயர் இருந்தால், லோடு ஏற்றும் முன்பே செவிலியரிடம் பயண நாட்களுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். பாதி வழியில் தீர்ந்து, வேறு ஊரில் வேறு பெயரில் எதையோ வாங்கிப் போடுவது ஆபத்து.

ஸ்டியரிங் பிடிக்கும் முன் ஒரு தடவை, ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்கள். கண் மங்கி, கை நடுங்கினால் அடுத்த தாபா வரட்டும் என்று காத்திராமல் அங்கேயே ஓரம் கட்டி, சாவியை எடுத்துவிட்டு, குளுக்கோஸைக் கரைத்துக் குடியுங்கள். எண் சரியானதும் உடனே கிளம்பாதீர்கள். தலை முழுக்கத் தெளிய இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். லோடு தாமதமானதற்கு ஆபீஸில் யாராவது சத்தம் போட்டால் இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக் காட்டுங்கள்.